பயனற்ற அரட்டை

ஜனவரி 6

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தேன். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய்த் தெருவெல்லாம் தண்ணீர் ஓடவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். இன்று சரியான நேரத்துக்கு நிறுத்திவிட்டேன். அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு, அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு பல்கலைக்கழகம் போனேன்.

துணைவேந்தர் கூட்டம். நம் வைப்பாறு பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் அத்தனையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள்; எங்கள் சாத்தூர்க் கல்லூரிக்கு நான். வரும் ஏப்ரல் முதல் எல்லாத் தேர்வும் கம்ப்யூட்டரில். பேனா இல்லை, கூடுதல் தாள் இல்லை, கட்டுவதற்கு நூல் இல்லை. "இதை ஒருங்கிணைக்க யாராவது..." என்று துணைவேந்தர் கேட்டு முடிக்கும் முன்பே என் கை மேலே போய்விட்டது. நாற்பத்தாறு வயதில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி!

"இந்துராணி மேடம் வணிகவியல் ஆச்சே?" என்றார் தேர்வாணையர் தர்மராஜ்.

"கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க நெறைய இருக்காங்க சார். தேர்வுல என்னென்ன தப்பு நடக்கும்னு தெரிஞ்சவங்கதான் வேணும்" என்றேன். எப்படி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். வேலை எனக்குத்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"சம்பளம் கூடுமா?"

"கூடாதும்மா."

"அப்ப எதுக்கு இம்புட்டு இளிப்பு?"

ஜனவரி 10

எனக்குத் துணையாக நூருன்னிசாவைப் போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் துறை, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. பேசுகிற வேகத்தில் பாதி புரியாது. மீதி புரிந்தால் சிரிப்பு வரும். வந்த முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். தேர்வு மென்பொருள் செய்துதரும் சென்னைக் கம்பெனியிலிருந்து வந்த பொறியாளர்களை "தம்பி" என்கிறாள். அவர்களில் ஒருவருக்குத் தலை முழுக்க நரை.

பால் பாக்கெட் வாங்க மறந்துவிட்டேன். கருப்பட்டிக் காபி.

ஜனவரி 18

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு இன்றுதான் உட்கார்ந்து வேலை பார்த்தோம். பழைய முறையில் என்னென்ன கோளாறு என்று துணைவேந்தருக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும். மதிப்பீட்டு முகாமிலிருந்து ஆரம்பித்தேன். நூருன்னிசா முகாமுக்கு வந்ததே இல்லை.

"எல்லாரும் முகாம் முகாம்னு அழுகுறாங்க. ஆனா ஒருத்தரும் போகாம இருக்க மாட்டேங்கிறாங்க. அப்படி என்னக்கா இருக்கு அங்க?"

சொன்னேன். மே மாதம் மூன்று வாரம் எல்லாக் கல்லூரி ஆசிரியர்களும் உள் விளையாட்டரங்கத்தில் கூடி விடைத்தாள் திருத்துவோம். மேலே தகரக் கூரை, கீழே நாங்கள். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. சேலையில் சிவப்பு மை. கழிப்பறைக்கு வரிசை. இடம் கல்லூரி எண்படிதான். எங்கள் சாத்தூர்க் கல்லூரிக்கு அடுத்த எண் ராஜபாளையம் கல்லூரி. அதனால் வருஷா வருஷம் என் வலப்பக்கத்தில் ஆவுடையப்பன் சார். மே மாதம் என்பதால் ஊரிலிருந்து சப்பட்டை மாம்பழம் கொண்டுவருவார். எங்கள் பெஞ்சில் ஒரு பழக்கம் உண்டு: அன்றைக்கு யாருக்கு அதிசயமான விடை கிடைக்கிறதோ அவர் அதைப் பதினொரு மணி டீக்கு வாசித்துக்காட்ட வேண்டும். ஒரு வருஷம் 'நிறுமக் கலைப்பு', அதாவது கம்பெனியை மூடுவது பற்றிய கேள்விக்கு ஒரு பையன் தன் மாமாக்கள் சண்டை போட்டுப் பரோட்டாக் கடையை மூடிய கதையை ஆறு பக்கத்துக்கு எழுதியிருந்தான். ஆவுடையப்பன் சார் பாஸ் போட்டார். "சட்டப் பிரிவு ஒண்ணுகூட எழுதல மேடம். ஆனா கலைப்புன்னா என்னன்னு நம்மளவிட இவனுக்கு நல்லாத் தெரியுது" என்றார். அவர் சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். பெஞ்சு ஆடும். என் கையெழுத்துக் கோணும்.

"அக்கா" என்றாள் நூருன்னிசா. "நான் முகாமப் பத்திக் கேட்டேன். நீங்க ஒரு பெஞ்சப் பத்தி மட்டும் சொல்றீங்க."

அவர் மனைவி இறந்து பல வருஷம், மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள் என்பதெல்லாம் அவள் கேட்டதால் சொன்னது. நானாகச் சொல்லவில்லை.

ஜனவரி 24

அறிக்கை முடிந்தது. நானே மூன்று முறை படித்து ரசித்தேன். முகாமைப் பற்றிய பத்திதான் உச்சம். 'ஆசிரியர்கள் மூன்று வாரம் குடும்பத்தைப் பிரிந்து, வெக்கையில் வாடி, பயனற்ற அரட்டையில் பொழுதைக் கழிக்கும் இந்த ஏற்பாடு இனித் தேவையில்லை. விடைகளை அவரவர் வீட்டிலிருந்தே திரையில் திருத்தலாம்.' பயனற்ற அரட்டை என்பதைத் தடித்த எழுத்தில் போட்டேன். ஓர் அறிக்கை என்றால் கொஞ்சம் கடுமை வேண்டும்.

துணைவேந்தர் அதைப் படித்துவிட்டு, "சபாஷ், இத அப்படியே அச்சடிச்சு எல்லாக் கல்லூரிக்கும் அனுப்புங்க" என்றார். மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கினேன். யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 4

ஆவுடையப்பன் சார் போன் செய்தார். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் முறை. மாணவர் சேர்க்கை நேரத்தில் எப்போதோ கொடுத்த எண்ணை இன்னும் வைத்திருக்கிறார்.

"வணக்கம் மேடம். அறிக்கை வந்துச்சு."

"எப்படி சார் இருக்கு?"

"தமிழ் ரொம்ப நல்லாருக்கு. பயனற்ற அரட்டைன்னு போட்டிருக்கீங்களே. அது நம்ம பெஞ்சு அரட்டையா, பொதுவாவா?"

"பொதுவாத்தான் சார்."

"அப்ப சரி. நம்மளதாக்கும்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு புது முறை வேண்டுமா வேண்டாமா என்று வாதம். கரென்ட் போனால்? ஜெனரேட்டர். கிராமத்துப் பிள்ளைகள்? பயிற்சி. கண் வலிக்காதா? போனைப் பார்க்கும்போது வலிக்கவில்லையே சார். ஒவ்வொன்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னேன். கடைசியில் அவர், "உங்ககிட்ட ஜெயிக்க முடியாது மேடம்" என்றார். பிறகு போனில் ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. சிரிக்கிறார். அவர் சிரிப்பு போனில் கேட்காது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜெயித்துவிட்டேன்!

பிப்ரவரி 5

அவர் கேட்டது நம் பெஞ்சைப் பற்றித்தான்.

பிப்ரவரி 20

மாதிரித் தேர்வு. எல்லாக் கல்லூரியிலும் ஒரே நேரத்தில். எல்லாம் ஒரு சொல் விடை; தட்டச்சு செய்தால் கம்ப்யூட்டரே திருத்திவிடும். பயம் போகட்டும் என்று முதல் கேள்வியைக் குழந்தைக் கேள்வியாக வைத்திருந்தேன்: இந்தியாவின் தேசியப் பறவை எது?

சர்வர் படுக்கவில்லை. கரென்ட் போகவில்லை. நானும் நூருன்னிசாவும் கையைக் கோத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முடிவு வந்தது. இரண்டாவது கேள்வி முதல் கடைசி வரை பிரமாதம். முதல் கேள்வியில் மட்டும் பெரும்பாலானோர் தவறு.

தேர்வாணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். "என்ன மேடம் இது? நம்ம பிள்ளைங்களுக்கு மயிலு தெரியலயா?"

பிப்ரவரி 22

யாருக்கும் மயில் தெரியவில்லை என்ற செய்தி பல்கலைக்கழகம் முழுக்கப் பரவிவிட்டது. பூங்காவில் இருக்கும் மயில் சிலைக்குக் கீழே யாரோ 'இது மயில்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். துணைவேந்தர் சிரிக்கவில்லை. "காரணம் தெரியாம ஏப்ரல்ல நடத்த முடியாது. பழையபடி பேப்பருக்கே போயிரலாம்" என்கிறார்.

பிள்ளைகள் என்ன தட்டினார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ரகசியம் காக்க விடைகளைப் பூட்டி வைத்திருக்கிறோம். திறக்க மூன்று பேர் கையொப்பம் வேண்டும். மூன்றாமவர் திருப்பதியில், தரிசன வரிசையில். போன் அணைந்திருக்கிறது. இந்த விதியை எழுதியதும் நான்தான்.

கம்பெனிக்காரர்கள் எழுத்துருக் கோளாறு என்கிறார்கள். நூருன்னிசா, "எழுத்துருவுக்கு மயில் மேல மட்டும் என்ன தம்பி கோவம்?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் ஒன்றை எழுதிவைக்க வேண்டும். பேப்பருக்கே போகலாம் என்று துணைவேந்தர் சொன்னபோது எனக்கு அவ்வளவு வருத்தமாக இல்லை. அது ஏன் என்று தெரியவில்லை. களைப்பாக இருக்கும்.

பிப்ரவரி 24

ஆவுடையப்பன் சார் போன். எடுத்ததும் சத்தமே இல்லை. சிரிக்கிறார் என்று புரிந்துகொண்டு காத்திருந்தேன்.

"மேடம், மயில் கிடைச்சிருச்சு."

மாதிரித் தேர்வில் அவர் கண்காணிப்பாளர். மயில் வதந்தி காதில் விழுந்ததும், எழுதிய பிள்ளைகளைக் கூப்பிட்டு, அன்றைக்குச் செய்தது போலவே திரும்பச் செய்யச் சொல்லியிருக்கிறார். முதல் பெண் உட்கார்ந்தாள். கும்பிட்டாள். முதல் கட்டத்தில் 'உ' என்று தட்டினாள். அப்புறம் மயில். அடுத்தவன் 786 போட்டு மயில். அதற்கடுத்த பெண் ஒரு சிலுவைக் குறி போட்டு மயில். 'முருகா துணை மயில்' என்று ஒருவன். 'உ மயில்' என்றொரு பறவையைக் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை!

"பேப்பரா இருந்தா மேல ஓரத்துல போட்டுட்டு எழுதுவாங்க. நாமளும் அப்படித்தான எழுதினோம்? உங்க திரையில ஓரமே இல்லயே மேடம். பாவம், பிள்ளைங்க எங்க போடும்?"

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நூருன்னிசா ஓடிவந்தாள். அவளுக்குச் சொன்னேன், அவள் தேர்வாணையருக்குச் சொன்னாள், அவர் துணைவேந்தருக்குச் சொன்னார். மாடி முழுக்கச் சிரிப்பு.

பிறகுதான் உறைத்தது. அவருக்குப் புது முறை பிடிக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் பேப்பர் திரும்பி வந்திருக்கும், முகாமும் வந்திருக்கும். இருந்தும் போன் செய்தார்.

மார்ச் 6

ஓரத்துக்காக ஒரு குழுக் கூட்டம்! இப்படி ஒன்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் நடந்திருக்காது. முதல் கேள்விக்கு முன்னால் ஒரு வெற்றுக் கட்டம் வேண்டும், மதிப்பெண் கிடையாது, எது வேண்டுமானாலும் போடலாம் என்றேன்.

"பல்கலைக்கழகத்துல பிள்ளையாருக்குத் தனிக் கட்டமா? நாளைக்கு யாராவது கேஸ் போட்டா?" என்றார் தேர்வாணையர்.

"786-க்கும் சேத்துத்தான் சார் கட்டம்" என்றாள் நூருன்னிசா. "நானே பத்தாவதுல போட்டுத்தான் எழுதுனேன்."

"சாமி கும்பிடாதவன் என்ன போடுவான்?"

"கேள்வித்தாள் எடுத்தவங்களத் திட்டுவான் சார். அதுக்கும் இடம் வேணும்ல?"

துணைவேந்தர் கட்டத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார். பெயர் வேண்டாம் என்றேன். கம்பெனிக்காரர், எத்தனை எழுத்து அனுமதிக்கலாம், தவறான உள்ளீட்டை எப்படித் தடுப்பது என்று கேட்டார். அந்தக் கட்டத்தில் தவறான உள்ளீடே கிடையாது, தேர்வு முடிந்ததும் எல்லாம் அழிந்துவிட வேண்டும், யாரும் படிக்கக் கூடாது என்றேன். அவர் வாழ்நாளில் இப்படி ஒரு வேலை செய்ததில்லையாம்.

நிறைவேறியது. அம்மாவுக்கு மூட்டு வலித் தைலம் வாங்கினேன். மறக்கவில்லை.

மார்ச் 13

ஓரத்தைச் சோதித்துப் பார்க்க ஆவுடையப்பன் சாரை வரவழைத்தோம். நான் கூப்பிடவில்லை. நூருன்னிசா கடிதம் தட்டினாள், நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. கேன்டீனில் எலுமிச்சைச் சாதம். மேசைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். இத்தனை வருஷம் பக்கவாட்டில் பார்த்த முகம். நேராகப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. இடப்பக்கப் புருவத்தில் ஒரு தழும்பு. எனக்குத் தெரியவே தெரியாது.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க மேடம். இது ஜெயிச்சிரும்" என்றார். சாதத்தைக் கிளறிக்கொண்டே, "மே மாசம் என்ன செய்யிறதுன்னுதான் யோசிக்கேன்" என்றார்.

"வீட்டுலருந்தே திருத்தலாம் சார். பயிற்சிக் காணொளி அனுப்புறேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அனுப்புங்க" என்றார்.

மார்ச் 14

காணொளி அனுப்பவில்லை. நான் ஒரு முட்டாள்.

மார்ச் 27

தேர்வுக் குழுவில் ஒரு யோசனை வைத்தேன். நெடுவிடைகளைத் திரையில் திருத்தினாலும் ஆசிரியர்கள் ஒரே இடத்தில் கூடித் திருத்துவதே தரத்துக்கு நல்லது; கலந்து பேசலாம்; ஐயம் தீரும்; ஆகவே முகாமைத் தொடரலாம். நான்கு பக்கம், அடிக்குறிப்பு எல்லாம் போட்டிருந்தேன்.

தேர்வாணையர் மேசை இழுப்பறையைத் திறந்து என் ஜனவரி அறிக்கையை எடுத்தார். "இது யாரோ எழுதினது மேடம். நல்லா எழுதியிருக்காங்க. கேளுங்க" என்று அந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்தார். தடித்த எழுத்து வந்ததும் குரலையும் தடித்துக்கொண்டார். குழு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

வெளியே வந்ததும் நூருன்னிசா கடலை மிட்டாயைப் பாதியாக உடைத்து நீட்டினாள். பெரிய பாதியை.

ஏப்ரல் 21

இன்று தேர்வு! எல்லாக் கல்லூரிகளிலும், எல்லாத் துறைகளுக்கும்! ஒரு கல்லூரியில் ஜெனரேட்டருக்குள் ஓணான். ஒன்றில் மழை பெய்து கூரை ஒழுகியதால் கம்ப்யூட்டர்களுக்குக் குடை பிடித்திருக்கிறார்கள். அவ்வளவுதான். முதல் கேள்விக்கு எல்லோரும் ஒழுங்காக விடை போட்டிருந்தார்கள். துணைவேந்தர் காராச்சேவு மூட்டையையே வரவழைத்துவிட்டார். என் கையைக் குலுக்கி, "மத்த பல்கலைக்கழகத்துலருந்து கேக்குறாங்க. நீங்கதான் போய்ச் சொல்லிக்குடுக்கணும்" என்றார். நூருன்னிசா என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். செருப்பு ஒன்று பறந்து தேர்வாணையர் மேசைக்கு அடியில் போய்விட்டது. எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கிண்டிக் கொடுத்த காலத்தில், என் கைக்குள் இவ்வளவு இருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 30

சுற்றறிக்கை: இவ்வாண்டு முதல் மதிப்பீட்டு முகாம் நடைபெறாது. ஒப்பம், பெ. இந்துராணி.

மே 5

முகாம் தொடங்கியிருக்க வேண்டிய நாள். வெக்கை இல்லை, வரிசை இல்லை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் மோர். சொகுசுதான்.

மூன்றாவது விடை. 'சந்தைப்படுத்தல் என்றால் என்ன?' எழுதியது யார் என்று தெரியாது. நம் ஊர்ப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். 'என் அத்தை சாத்தூர் ஸ்டேஷனில் வெள்ளரிக்காய் விற்பார். ரயில் நிற்பது இரண்டே நிமிடம். அத்தை விலை சொல்ல மாட்டார். முதலில் ஜன்னல் வழியே காயைக் கையில் திணித்துவிடுவார். ரயில் நகரும்போது வாங்கியவரே பதறிப்போய்ப் பணத்தை எறிவார். இதுவே சந்தைப்படுத்தல் எனப்படும்.'

சிரித்துக்கொண்டே வலப்பக்கம் திரும்பி, "சார், இதக் கேளுங்க" என்றேன்.

"யார சார்ங்குற? பிரிட்ஜயா?" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கெட்டிக்காரி" என்றாள் அத்தையை. சீரியலுக்குத் திரும்பிவிட்டாள். போனை எடுத்தேன். மதிப்பீட்டாளர்கள் விடைகளைப் பற்றித் தங்களுக்குள் பேசக் கூடாது. புது விதி, பிரிவு ஒன்பது. அந்த விதியை எழுதியது யார் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. போனை வைத்துவிட்டேன். முழு மதிப்பெண் போட்டேன்.

மே 10

ஆவுடையப்பன் சாரிடமிருந்து குறுஞ்செய்தி. 'மேடம், என் பங்கு விடைகள் அனைத்தும் திருத்தி முடித்தேன். ஒரே வாரம். மிகத் திறமையான ஏற்பாடு. வாழ்த்துகள்.'

இதைவிட மோசமான பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. ஒரே வாரத்தில் முடிந்துவிட்டதாம்! அவர் என்னிடம் பேசுவதற்கு இருந்த காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறமையாக ஒழித்துக்கட்டியிருக்கிறேன். இனி சுற்றறிக்கை எங்களைக் கூட்டாது. கல்லூரி எண் பக்கத்தில் உட்கார வைக்காது. வேறு ஏதாவது குழு போடலாமா, ஆய்வுக்கு அழைக்கலாமா என்று மத்தியானம் வரை யோசித்தேன். இரண்டு வரைவுகூட எழுதினேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை கல்லூரிகளின் தேர்வையே மாற்றியவளுக்கு ஒரு ஆளைப் பார்க்கப் போக ஆணை வேண்டுமா?

நாளை ஞாயிறு. சிவகாசி போய், ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ராஜபாளையம் போகப்போகிறேன். பல்கலைக்கழக வேலையாக அல்ல. அவர் வீட்டுக் கதவைத் தட்டி, வந்த காரணம் என்ன என்று அவர் கேட்பதற்குள் சொல்லிவிடப்போகிறேன்: "சார், வருஷத்துல மூணு வாரம் எனக்கு எப்பவுமே பத்துனதில்ல. மீதி வருஷமும் வேணும்."

அம்மா பக்கத்து அறையில் சீரியல் பார்க்கிறாள், அவளுக்குத் தெரியாது. நூருன்னிசாவுக்கும் சொல்லவில்லை. அவர் நாளைக்கு வீட்டில் இருப்பாரா என்றுகூட விசாரிக்கவில்லை. இல்லாவிட்டால் வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு இந்த மே மாதம் முழுக்க லீவுதான்.